அட்டைப் பெட்டியும் தொடர் வைப்பும்

சென்ற ஆடி மாதத்தில் எங்கள் கிளையின் சார்பில் கோபிநத்தத்தில் நிதிக் கல்வி முகாம் ஒன்றை நடத்தினோம். மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் பாலாற்றுச் சோதனைச்சாவடியைக் கடந்து, காட்டுப் பாதையில் சென்றால் வரும் ஊர் அது. முன்பு மைசூரு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபின் அதனுடன் சேர்ந்தது. கர்நாடகத்தில் இருந்தாலும் வீடுகளில் கேட்பது தமிழ்தான். காப்பீட்டுத் திட்டங்களையும் ஓய்வூதியத் திட்டங்களையும் விளக்கி முடித்து, சுருட்ட வேண்டிய பதாகைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மையார் பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றை எங்கள் மேசைமீது வைத்தார். அவருடைய மகன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், சற்றுத் தள்ளி நின்றான்.

பெட்டி நிறையப் போகிமான் அட்டைகள்.

"இதுக்கு நகைக்கடன் மாதிரி எதாச்சும் தருவீங்களா சார்? ஒரு கார்டு கோடிக்கணக்குல போகுதுன்னு பையன் செல்போன்ல காட்டுறான்" என்றார்.

எங்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. ஏனெனில் அவருடைய உண்மையான கேள்வி அடுத்தபடியாகத்தான் வந்தது. மாதம் 500 ரூபாய் வீதம் மூன்றாண்டுகளாக அவர் கட்டிவந்த தொடர் வைப்பு அடுத்த மாதம் முதிர்வடைய இருந்தது. 6.5 சதவீத வட்டியில் கையில் கிடைப்பது ஏறத்தாழ 19,900 ரூபாய். மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்ப்பதற்கென்று ஒதுக்கிய பணம். மகனோ, அதைக் கொண்டு பிரிக்கப்படாத அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி வைத்தால் ஐந்தாண்டுகளில் பல மடங்காகும் என்கிறான். சமூக ஊடகத்தில் ஒருவர் 19,000 ரூபாய்க்குத் தர ஒப்புக்கொண்டுள்ளார்; பாதியை முன்பணமாக அனுப்பச் சொல்லிக் கியூஆர் குறியீடும் அனுப்பியுள்ளார்.

இப்படிப்பட்ட கேள்வி எங்களிடம் வருவது இது முதன்முறையன்று. நகரக் கிளைகளில் மென்பொருள் துறை இளைஞர்களும் கேட்கிறார்கள். ஆகவே இந்த அட்டைகளின் விலை எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மைசூரின் பழைய சீட்டுகள்

சீட்டுகளைச் சேர்ப்பதும் அவற்றைக் கொண்டு மோதுவதும் மைசூரு மண்ணுக்குப் புதியன அல்ல. வட்ட வடிவச் சீட்டுகளால் ஆடப்படும் கஞ்சிஃபா என்னும் ஆட்டம் முகலாயர் வழியாக இந்நாட்டில் பரவியது. 1527இல் பாபர் சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபா சீட்டுகளை அனுப்பிய செய்தி பாபர்நாமாவில் இருக்கிறது. முகலாயக் கட்டில் எட்டு வகைகளும் 96 சீட்டுகளும் உண்டு. வகை ஒன்றுக்கு அரசன், அமைச்சன், ஒன்று முதல் பத்து வரையிலான எண்கள் எனப் பன்னிரண்டு சீட்டுகள். இந்து மரபில் அது தசாவதாரக் கஞ்சிஃபாவாக மாறியபோது பத்து அவதாரங்களுக்குப் பத்து வகைகளாகி, 120 சீட்டுகளாயிற்று. பகலில் ஆடினால் இராமனும் இரவில் ஆடினால் கிருஷ்ணனும் முதலிறக்கம் பெறுவர் என்பது அதன் இனிய விதி.

மைசூர் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இவ்வாட்டத்தில் பெருவிருப்பம் கொண்டவர். 1831இல் நாட்டு நிர்வாகத்தை ஆங்கிலேயர் தம் கையில் எடுத்துக்கொண்ட பிறகு அவர் பெயரளவில் அரசராக இருந்தார். விளையாட்டுகளில் இவ்வளவு நுட்பமாக ஈடுபட அந்த ஓய்வும் ஒரு காரணமோ என்று நாங்கள் எண்ணுவதுண்டு. அவர் காலத்தில் தொகுக்கப்பட்ட ஸ்ரீதத்துவநிதி என்னும் நூலின் கௌதுக நிதிப் பகுதியில் இத்தகைய ஆட்டங்கள் விவரிக்கப்படுகின்றன. அவர் வகுத்த ஆட்டங்களில் சிலவற்றுக்குப் பதினெட்டு வகைகள் வரை தேவைப்பட்டன. கட்டு ஒன்றில் 360 சீட்டுகள் வரை இருந்தன. இவ்வளவு சிக்கலான ஆட்டம் அரண்மனை மதிலைத் தாண்டிப் பரவவில்லை என்பதில் வியப்பில்லை.

ஆட்டம் மறைந்தது, சீட்டு மறையவில்லை. மைசூரு கஞ்சிஃபா சீட்டுகள் இன்று புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள். ரகுபதி பட் போன்ற கலைஞர்கள் அவ்வோவியக் கலையை நம் காலம் வரை கொண்டுவந்தனர். ருடால்ஃப் வான் லேடன் என்பவர் இந்தியாவில் பல்லாண்டுகள் வாழ்ந்து இச்சீட்டுகளைத் தேடிச் சேர்த்தார். அவருடைய கஞ்சிஃபா நூலை இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1982இல் வெளியிட்டது. ஆடுவோர் இல்லாத சீட்டுக்கும் சேகரிப்போரால் விலை உண்டு என்பதற்கு இதுவே சான்று. ஆடுவோரின் தேவை ஒன்று, சேர்ப்போரின் தேவை மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு சந்தைகள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பிஸ்கட் பெட்டியைப் புரிந்துகொள்வது எளிது.

நம் தலைமுறைக்கும் இது தெரிந்ததே. நாற்பதைக் கடந்த வாசகர்கள் தீப்பெட்டிப் படங்களையும் சிகரெட் அட்டைகளையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வைத்து, கல்லெறிந்து வென்றவர்கள். எளிதில் கிடைக்காத அட்டைக்கு மதிப்பு அதிகம் என்று எங்களுக்கு எந்த வணிகவியல் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை. பின்னர் மல்யுத்த வீரர்களின் உயரமும் எடையும் அச்சிட்ட டிரம்ப் அட்டைகள் வந்தன.

ஆளுக்கொரு கட்டு

கஞ்சிஃபாவிலும் நாம் வீட்டில் ஆடும் ரம்மியிலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டு. 1993இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணித அறிஞர் வடிவமைத்த மேஜிக்: தி கேதரிங் என்ற ஆட்டம் அந்த வழக்கத்தை மாற்றியது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வர வேண்டும். அட்டைகள் பிரித்துப் பார்க்க முடியாத பொட்டலங்களில் விற்கப்படும். உள்ளே பெரும்பாலானவை சாதாரணமானவை. ஒன்றோ இரண்டோ அரியவை. வேண்டியது கிடைக்காதவர் மற்றவரிடம் மாற்றிக்கொள்ளவோ விலைக்கு வாங்கவோ வேண்டும். ஆட்டத்தின் விதியே ஒரு சந்தையை உருவாக்கிவிட்டது. 1996இல் ஜப்பானில் போகிமான் அட்டை ஆட்டமும், 1999இல் யூ-கி-ஓ அட்டை ஆட்டமும் இதே வழியில் வந்தன.

போகிமான் போட்டியில் ஒரு கட்டுக்குச் சரியாக 60 அட்டைகள். அடிப்படை ஆற்றல் அட்டைகள் நீங்கலாக, ஒரே பெயருடைய அட்டை நான்குக்கு மேல் கூடாது. ஆக, வெற்றிதரும் புதிய உத்தி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அதற்குத் தேவையான அட்டையை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கு நான்காகத் தேடுவர். ஒரே வாரத்தில் விலை ஏறும். உலக வாகையர் போட்டி 2004 முதல் நடைபெறுகிறது. 2023இல் முதன்முறையாக ஜப்பானின் யோகோஹாமாவில் நடைபெற்றது. சிறுவர், இளையோர், பெரியோர் என மூன்று வயதுப் பிரிவுகள் உள்ளன. நல்ல நினைவாற்றலும் நிகழ்தகவுக் கணக்கும் வேண்டிய ஆட்டம் இது. பிள்ளைகள் இதில் ஈடுபடுவதை நாங்கள் குறையாகக் கருதவில்லை.

ஆனால் போட்டிக்கான விலைக்கு ஆயுள் குறைவு. அட்டையின் கீழ் மூலையில் சிறிய ஆங்கில எழுத்து ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். குறிப்பிட்ட எழுத்துடைய அட்டைகள் சில ஆண்டுகளுக்குப் பின் முதன்மைப் போட்டிகளில் செல்லாது என்று வெளியீட்டாளர் அறிவிப்பார். நேற்று வரை ஆயிரம் ரூபாய்க்குப் போன அட்டையை மறுநாள் கேட்பாரில்லை. தேதி முன்கூட்டியே தெரிந்த பணமதிப்பிழப்பு என்று சொல்லலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே அட்டை எளிய அச்சிலும், பளபளக்கும் சிறப்பு ஓவியத்துடனும் வெளிவருவதுண்டு. போட்டி மேசையில் இரண்டுக்கும் வலிமை ஒன்றே. சிறப்பு அச்சுக்குக் கூடுதலாகத் தரும் பணம் சேகரிப்பாளரின் பணம். அதனால் ஓர் ஆட்டம்கூடக் கூடுதலாக வெல்ல முடியாது. பிள்ளை வெல்ல விரும்புகிறானா, வைத்திருக்க விரும்புகிறானா என்று பெற்றோர் முதலில் கேட்டறிய வேண்டும். வெல்ல விரும்புபவனுக்கு எளிய அச்சுகளைத் தனித்தனியே வாங்கிக் கொடுத்தால் செலவு பெரிதும் குறையும். பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து 60 அட்டைகளைத் தேடுவது, ஒரு கரண்டி வேண்டிச் சீர்வரிசையையே வாங்குவதற்கு ஒப்பாகும்.

கோடிகள் எங்கிருந்து வந்தன

அச்சிறுவன் கைப்பேசியில் காட்டிய செய்தி பொய்யன்று. 1997, 1998 ஆண்டுகளில் ஜப்பானிய இதழ் ஒன்று நடத்திய ஓவியப் போட்டிகளின் பரிசாகச் சில பத்து எண்ணிக்கையில் மட்டுமே வழங்கப்பட்டது பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர் என்னும் அட்டை. அதன் மாசற்ற படி ஒன்றை அமெரிக்க யூடியூபர் லோகன் பால் 2021இல் 52.75 இலட்சம் டாலர் மதிப்பில் பெற்றார். அது கடையில் விற்ற பொட்டலத்திலிருந்து வந்த அட்டையன்று என்பதைத்தான் காணொளிகள் அழுத்திச் சொல்வதில்லை.

அவரைப் பற்றிய மற்றொரு செய்தியும் உண்டு. முதற்பதிப்புப் போகிமான் பொட்டலங்கள் கொண்டதென நம்பி, பிரிக்கப்படாத பெட்டி ஒன்றை அவர் 35 இலட்சம் டாலருக்கு வாங்கினார். துறை வல்லுநர்கள் உண்மையானதெனச் சான்றளித்த பெட்டி. 2022 சனவரியில் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை வேறொரு பொம்மைத் தொடரின் மலிவான அட்டைகள். அவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. 9,500 ரூபாயைக் கியூஆர் குறியீட்டின் வழியே முன்பின் அறியாதவருக்கு அனுப்புபவருக்கு அவ்வாறு கிடைக்குமா என்பதை எங்கள் புகார்ப் பிரிவு நன்கறியும்.

சேகரிப்பு விலையைத் தீர்மானிப்பவை அருமையும் நிலைமையும். அமெரிக்காவின் பிஎஸ்ஏ போன்ற தரமிடும் நிறுவனங்கள், ஓவியம் நடுவில் அமைந்துள்ளதா, முனைகள் கூராக உள்ளனவா, விளிம்பும் மேற்பரப்பும் பழுதற்றனவா என்று ஆராய்ந்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, நெகிழி உறைக்குள் முத்திரையிட்டுத் தருகின்றன. பத்துக்கும் ஒன்பதுக்கும் இடையே விலை பல மடங்கு வேறுபடக்கூடும். பெருந்தொற்றுக் காலத்தில் வீடடங்கியிருந்தோர் பழைய அட்டைகளைத் தேடி எடுத்து அனுப்பியதில், 2021 மார்ச் இறுதியில் அந்நிறுவனம் தன் பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தவே நேர்ந்தது.

பிறகு வெளியீட்டாளர் என்னும் இடர். 1995இல் மேஜிக் நிறுவனம் குரோனிக்கிள்ஸ் என்ற தொகுப்பில் பழைய அரிய அட்டைகள் பலவற்றை மறு அச்சிட்டது. ஆடுவோர் மகிழ்ந்தனர், விலை கொடுத்துச் சேர்த்திருந்தோரின் சொத்து கண்முன்னே கரைந்தது. எழுந்த எதிர்ப்பின் விளைவாக, இன்னின்ன அட்டைகளை இனி அச்சிடமாட்டோம் என்னும் உறுதிமொழிப் பட்டியலை 1996இல் அந்நிறுவனம் வெளியிட்டது. ரூபாய்த் தாளை அச்சிடுவோருக்குச் சட்டமும் பொறுப்பும் உண்டு. அட்டை அச்சிடும் நிறுவனத்துக்கு, அதன் சொந்த வாக்குறுதியே வேலி. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் பேஸ்பால் அட்டைகளை முதலீடென்று வாங்கிக் குவித்தனர். நிறுவனங்களும் அளவின்றி அச்சிட்டன. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அரிதாகவில்லை. அவற்றில் பெரும்பகுதி இன்றும் அட்டைப்பெட்டியோடு கிடக்கிறது.

வங்கி ஏன் ஏற்பதில்லை

தங்கத்தின்மீது கடன் தருகிறோம். உரைத்துப் பார்த்தால் தரம் தெரியும். உருக்கினாலும் மதிப்புக் குறையாது. அன்றன்றைய விலை பொதுவில் கிடைக்கும். வாங்குவோர் எந்தச் சிற்றூரிலும் உண்டு. அட்டைக்கு இந்நான்கில் ஒன்றும் முழுமையாகப் பொருந்தாது. இணையத்தில் காணும் விலை விற்பவர் கேட்கும் விலை. வணிகரிடம் கொண்டுசென்றால் பெரும்பாலும் அதைவிட வெகுவாகக் குறைத்தே தருவார், ஏனெனில் அவர் வாங்குவது மறுபடியும் விற்பதற்காக. நேரடியாக விற்க முயன்றால் அஞ்சற் செலவும் தளக் கட்டணமும் உண்டு. அயல்நாட்டிலிருந்து தருவித்தால் சுங்கத் தீர்வையும், அட்டைவழிச் செலுத்தினால் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும்.

பெட்டகத்தில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் வங்கி உள்ளிருக்கும் பொருளைக் காப்பீடு செய்வதில்லை. 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி நெறிமுறையின்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை மட்டுமே. வாடகை 2,000 எனில் உச்சவரம்பு 2 இலட்சம். தவிர, ஈரப்பதம் அட்டையை வளைத்துவிடும். உறையிட்டு, உலர்த்திப் பொருளோடு வைத்தால்தான் நிலைக்கும்.

போட்டியில் பணப்பரிசு பெறுவோர் வரியையும் நினைவில் கொள்ள வேண்டும். சீட்டாட்டம் உள்ளிட்ட ஆட்டங்களில் வெல்லும் தொகைக்கு வருமான வரிச் சட்டம் 30 சதவீதம் என்னும் தனி விகிதத்தை விதிக்கிறது. அடிப்படை விலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது. சேகரிப்பைப் பெருந்தொகைக்கு விற்பவர் தணிக்கையாளரைக் கலந்துகொள்வது நலம்.

மீண்டும் கோபிநத்தத்துக்கு வருவோம். பெட்டியிலிருந்த அட்டைகளை மேசையில் பரப்பினோம். போலியை அறியும் வழிகளை எங்களைவிட அச்சிறுவன் விரைவாகப் பிடித்துக்கொண்டான். உண்மை அட்டையின் விளிம்பை உற்றுநோக்கினால், இரு வெண்தாள்களுக்கு நடுவே மெல்லிய கரிய இழை தெரியும். கைப்பேசி விளக்கைப் பின்னால் பிடித்தால் போலி அட்டையில் ஒளி தாராளமாகக் கசியும். பின்புற நீலம் வெளிறியிருக்கும், எழுத்து தடித்திருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் தாய்மாமன் கொடுத்தவை உண்மை. சந்தையில் பத்து ரூபாய்க்கு வாங்கியவை போலி. முந்நூறுக்கு மேற்பட்டவற்றில் தேறியவை பதினொன்று. பத்து ரூபாய் அட்டைகளை அவன் தனியே அடுக்கினான். முகம் வாடத்தான் செய்தது. எங்களுக்கும் வருத்தமாக இருந்தது.

பிறகு கணக்குக்கு வந்தோம். அவன் கேட்ட பெட்டியில் 36 பொட்டலங்கள். பிரிக்காமல் வைத்தால் ஐந்தாண்டுகளுக்குப் பின் விலை ஏறலாம். அதே தொகுப்பு மீண்டும் அச்சிடப்பட்டால் இறங்கலாம். பிரித்துவிட்டால் அது முதலீடே அன்று, விளையாட்டு. "பிரிக்காம அஞ்சு வருசம் வெச்சிருப்பியா தம்பி?" என்று கேட்டோம். அவன் தன் தாயைப் பார்த்தான். தாய் எங்களைப் பார்த்துச் சிரித்தார். 19,900 ரூபாயை அதே 6.5 சதவீதத்தில் ஐந்தாண்டு வைப்பில் போட்டால் ஏறத்தாழ 27,500 ஆகும் என்று தாளில் எழுதிக் காட்டினோம். பல மடங்கு அன்று. ஆனால் பாலிடெக்னிக்குக்கு நடுவில் பணம் தேவைப்பட்டால், வட்டியில் சிறிது விட்டுக்கொடுத்து எந்த நாளிலும் எடுக்கலாம். வாங்குபவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கியூஆர் குறியீடு அனுப்பியவரிடம், பொருளை நேரில் பார்த்தபின் பணம் தருவதாகச் சொல்லச் சொன்னோம். அங்கேயே செய்தி அனுப்பினான். மறுமொழி வரவில்லை, மாலைக்குள் அந்தக் கணக்கு அவனைத் தடைசெய்திருந்தது. பணம் போயிருந்தால் உடனே அழைக்க வேண்டிய இணையக் குற்ற உதவி எண் 1930 என்பதைத் தாயின் கைப்பேசியில் பதிந்து கொடுத்தோம்.

ஆவணி மாதத்தில் தொடர் வைப்பு முதிர்ந்தது. தொகையில் 19,000 நிலை வைப்புக்குச் சென்றது. மீதியை மகனிடம் கொடுக்கச் சொன்னவர் தாயே. பத்து வயது நிறைந்த சிறார்கள் தாமே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது என்று முகாமில் நாங்கள் சொன்னதை அவன் நினைவில் வைத்திருந்தான். ஐந்நூறு ரூபாயுடன் கணக்கைத் தொடங்கினான். எஞ்சிய நானூறுக்கு, தன் கட்டுக்கு வேண்டிய எளிய அச்சு அட்டைகள் சிலவற்றைப் பெங்களூர் மாமன் வழியாக வாங்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அந்தப் பதினொன்றில் ஒன்றையேனும் விற்கும் எண்ணம் உண்டா என்று படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டோம். "மாமா குடுத்ததுங்க சார்" என்றான்.